ஸ்வீட் கார்ன் கொல்லையில் களை: வடசென்னைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்குன்றம், சோழவரம், மீஞ்சூர், பொன்னேரி பக்கம் ஸ்வீட் கார்ன் போடுபவர்களும், மாதவரம், கொளத்தூர், மணலியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் போடுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். முதல் சில கேள்விகள் எல்லோருக்கும் பொது. களைக்கொல்லி மருந்து பற்றிய கேள்விகள் பாதிக்குப் பிறகு வருகின்றன. நேராக அங்கே போகாமல் மேலிருந்து படித்து வந்தால், மருந்து தேவையா என்பதே உங்களுக்குத் தெளிவாகிவிடும்.

சோளச் செடி ஆள் உயரம் வளருதே, அதுவே களையை அமுக்கிடாதா? களை எடுத்தே ஆகணுமா?

அமுக்கும், ஆனால் நாற்பது நாளுக்குப் பிறகுதான். அதற்குள் களை தன் வேலையை முடித்துவிடும். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர் விடுகிறோம். செடியின் இலை அந்த இடைவெளியை மூடும் வரை வெயில் நேராக மண்ணில் விழுகிறது. வெயில் விழும் ஈரமண் சும்மா கிடக்காது.

தீவன மக்காச்சோளத்தைவிட ஸ்வீட் கார்னுக்கு இதில் கஷ்டம் அதிகம். விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தீவனச் சோள விதை உருண்டு திரண்டு இருக்கும். ஸ்வீட் கார்ன் விதை சுருங்கி, காய்ந்த பல் மாதிரி இருக்கும். சர்க்கரை மாவுச்சத்தாக மாறாத ரகம் என்பதால் விதைக்குள் இருப்புச் சத்து குறைவு. அதனால் நாற்று மெலிந்து, மெதுவாகக் கிளம்புகிறது. பக்கத்தில் முளைக்கும் புல்லோ முதல் வாரத்திலேயே அதை முந்திவிடும். களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்று சொல்வது இந்தப் பயிருக்கு அப்படியே பொருந்தும்.

சரி, எத்தனை நாளைக்குக் களை இல்லாம வெச்சுக்கணும்?

விதைத்த நாளிலிருந்து 40 நாள். அதிலும் 15-ஆம் நாள் முதல் 35-ஆம் நாள் வரை மிக முக்கியம். கதிர் எத்தனை வரிசை மணி பிடிக்கும் என்பது செடிக்குள் தீர்மானமாகும் காலம் இதில் அடங்கும். இந்த நாட்களில் களையோடு போராடிய செடிக்குப் பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் கதிர் சின்னதாகத்தான் வரும்.

நடைமுறையில் இரண்டு களை. முதல் களை 15 முதல் 18 நாளுக்குள், இரண்டாவது 28 முதல் 30 நாளுக்குள் மண் அணைப்போடு சேர்த்து. முதல் களை ஒரு வாரம் தள்ளிப்போனால் அதே நிலத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆள் கூலி ஆகும். 15-ஆம் நாளில் சுரண்டினால் போகும் களையை 25-ஆம் நாளில் குனிந்து பிடுங்க வேண்டியிருக்கும்.

முளைச்சு வரும்போது எது சோளம், எது புல்லுன்னே தெரியல. தப்பா புடுங்கிடுவோமோன்னு பயமா இருக்கு.

சோளத்தின் முதல் இலையின் நுனி மட்டும் வட்டமாக, கட்டைவிரல் மாதிரி இருக்கும். அதற்குப் பின் வரும் இலைகள்தான் கூர்மையாக வரும். புல் நாற்றுகளின் முதல் இலை மெலிந்து கூராகவே இருக்கும். அப்படியும் சந்தேகம் என்றால் ஒன்றை மண்ணோடு தோண்டிப் பாருங்கள், சோளமாக இருந்தால் அடியில் பழைய விதையின் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். கயிறு பிடித்து நேர் வரிசையில் விதைத்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. வரிசைக்கு வெளியே இருப்பதெல்லாம் களைதான்.

எங்க பக்கம் என்னென்ன களை வரும்? பேர் தெரிஞ்சா போதும்.

பேரைவிட வகை தெரிவது முக்கியம், ஏனென்றால் எடுக்கும் முறை வகையைப் பொறுத்து மாறும். புல் வகையில் அருகம்புல், காக்காக்கால் புல், கழனியில் வரும் குதிரைவாலிப் புல் ஆகியவை அதிகம். அகன்ற இலை வகையில் சாரணை, பருப்புக்கீரை, முள்ளுக்கீரை, நாய்க்கடுகு, கானாவாழை, அம்மான் பச்சரிசி, பார்த்தீனியம். மூன்றாவது கோரை. அது புல்லும் இல்லை, அகன்ற இலையும் இல்லை, தனிச் சாதி. அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

மண்ணுக்கு மண் கூட்டணி மாறும். மீஞ்சூர், அத்திப்பட்டு பக்க மணல் கலந்த நிலத்தில் கோரையும் காக்காக்காலும் முன்னால் நிற்கும். நெல் அறுத்த கழனியில் சோளம் போட்டால் குதிரைவாலிப் புல்லும், சிந்திய நெல்லும் சேர்ந்து முளைக்கும். சாரணை எல்லா இடத்திலும் வரும். ஒரு நல்ல மழை பெய்து ஐந்தாறு நாளில் தரை பச்சைக் கம்பளமாகத் தெரிந்தால் பெரும்பாலும் சாரணைதான்.

பருப்புக்கீரையையும் கானாவாழையையும் பிடுங்கி அங்கேயே போடாதீர்கள். தண்டில் ஈரம் இருக்கும் வரை வேர்விட்டு மறுபடி எழுந்துவிடும். கூடையில் அள்ளி வெளியே கொண்டுபோய்க் காய வையுங்கள்.

கோரையை எத்தனை வாட்டி புடுங்குனாலும் நாலு நாள்ல திரும்ப வருதே. இன்னாதான் பண்றது?

நீங்கள் பிடுங்குவது இலையை. செடி இருப்பது கிழங்கில். ஈரமண்ணில் மண்வெட்டியை ஆழமாகப் போட்டு ஒரு கோரையை முழுதாக எடுத்துப் பாருங்கள். மெல்லிய கறுப்பு நூலில் கோத்த மணி மாதிரி, ஒரு கிழங்கிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று தொடர் போகும். நசுக்கினால் ஒரு மருந்து வாசனை வரும். நுனிக் கிழங்கு முளைத்துக்கொண்டிருக்கும் வரை பின்னால் இருப்பவை தூங்கும். நீங்கள் இழுக்கும்போது நூல் அறுந்தால் தூங்கியவையும் விழித்து முளைக்கும். ஒன்று போய் நாலு வருகிறது என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

கோரையின் பலவீனம் இரண்டு. ஒன்று, முளைத்து மூன்று வாரம் ஆனால்தான் அது புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். அதற்குள் வெட்டிவிட்டால் பழைய கிழங்கின் இருப்பு செலவாகுமே தவிர, புது வரவு இருக்காது. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேலோட்டமாக வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இடைவெளி விட்டால் அதுவரை செய்த வேலை வீண். இரண்டு, கிழங்குக்கு வெயிலில் காய்வது ஆகாது. சித்திரை, வைகாசியில் நிலம் சும்மா கிடக்கும்போது காய்ந்த மண்ணில் இரண்டு மூன்று முறை உழுது கிழங்கை மேலே கொண்டுவந்து வதங்க விடுங்கள். ஈரமண்ணில் உழுதால் பலன் நேர்மாறு. கலப்பையே கிழங்கை நிலம் முழுக்க நட்டுக் கொடுத்துவிடும்.

மூன்றாவதாக ஒரு வழி, நிழல். கோரைக்கு நிழல் பிடிக்காது. கோரை அதிகமுள்ள இடத்தில் சோளத்துக்கு முன் சணப்பையோ தக்கைப்பூண்டோ நெருக்கி விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் அந்தப் பருவத்துக் கோரை கணிசமாகத் தளர்ந்துவிடும். ஒரே வருடத்தில் கோரையை ஒழிப்பதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். இரண்டு மூன்று கோடை விடாமல் செய்தால் குறையும்.

விதைக்கறதுக்கு முன்னாடியே களையைக் குறைக்க வழி இருக்கா?

இருக்கிறது. இந்தப் பக்கத்தில் யாரும் அதிகம் செய்யாத, ஆனால் செலவே இல்லாத வழி. நிலத்தை விதைப்புக்குத் தயார் செய்து பார் கட்டிய பிறகு உடனே விதைக்காதீர்கள். ஒரு தண்ணீர் விட்டு 8 முதல் 10 நாள் காத்திருங்கள். மேல்மண்ணில் இருக்கும் களை விதையெல்லாம் முளைத்துத் தரை பச்சையாகும். அப்போது களைக்கொத்தாலோ பலுகாலோ இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மட்டும் சுரண்டிக் காய விட்டு, அதன்பின் விதையுங்கள். ஆழமாக உழுதால் கீழே இருந்த விதை மேலே வந்துவிடும், காத்திருந்தது வீணாகும்.

தைப் பட்டத்தில் விதைப்பவர்களுக்கு இதற்கு நல்ல வாய்ப்பு. வடகிழக்குப் பருவமழை முடிந்து நிலம் பதத்துக்கு வரும்போது களை தானாகவே முளைத்திருக்கும். அதை ஒருமுறை அழித்துவிட்டு விதைத்தால் போதும், தனியாகத் தண்ணீர் விட வேண்டியதில்லை.

சிறிய நிலம் என்றால் அக்னி நட்சத்திர வெயிலைப் பயன்படுத்துங்கள். மண்ணைச் சமன் செய்து, நன்றாக நனைத்து, நிறமில்லாத மெல்லிய பாலித்தீன் ஷீட்டை மண்ணோடு ஒட்டி விரித்து, ஓரத்தை மண் போட்டு மூடி, 4 முதல் 6 வாரம் விடுங்கள். கறுப்பு ஷீட் இதற்கு வேண்டாம், வெப்பம் உள்ளே இறங்காது. சாரணை, கீரை வகை, புல் விதைகள் பெரும்பாலும் செத்துவிடும். ஆழத்தில் இருக்கும் கோரைக் கிழங்கு சாகாது.

மாதவரம் பக்கத்துல இருந்து மாட்டெரு வாங்கிப் போட்டேன். அப்புறம்தான் களை தாறுமாறா வந்துச்சு.

எருவில் குறை இல்லை, அது மக்கவில்லை. மாடு தின்ற புல்லின் விதையில் ஒரு பங்கு செரிக்காமல் சாணத்தோடு வந்துவிடும். குவியலின் உள்ளே கை வைக்க முடியாத சூடு, அதாவது 55 முதல் 60 டிகிரி, ஏறிச் சில நாள் நின்றால்தான் அந்த விதை சாகும். குவியலின் வெளிப்புறத்தில் அந்தச் சூடு வராது என்பதால் இரண்டு மூன்று முறை புரட்டிவிட வேண்டும்.

ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் தேவை. வாங்கும்போது ஒரு கை அள்ளிப் பாருங்கள். சாண வாசனை அடித்தால், வைக்கோல் துண்டு முழுசாகத் தெரிந்தால், இன்னும் இரண்டு மாதம் குவித்து வைத்து மக்க விடுங்கள். குவியல் மேலே பார்த்தீனியமோ முள்ளுக்கீரையோ வளர்ந்து பூத்திருந்தால் அந்த எருவை வாங்கவே வேண்டாம்.

களைக்கொத்தா, மண்வெட்டியா, பவர் வீடரா? எதுல எடுத்தா நல்லது?

கருவியைவிட ஆழம்தான் முக்கியம். சோள வேர் மேல்மண்ணில் பக்கவாட்டில் ஓடும். 30 நாள் செடியின் வேர் வரிசையின் நடு வரைக்கும் வந்திருக்கும். முதல் களையின்போது 4, 5 சென்டிமீட்டர் ஆழம் கொத்தலாம். இரண்டாவது களையில் 3 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் கொத்த வேண்டும். களை எடுத்த மறுநாள் மதியம் செடி சுருண்டு வதங்கினால் வேர் அறுபட்டிருக்கிறது என்று பொருள்.

அரை ஏக்கருக்குள் என்றால் தள்ளுசக்கரக் களைக்கருவி நல்ல துணை. நின்றபடியே வேலை ஆகும், ஆழமும் அளவோடு நிற்கும். பவர் வீடர் வாடகைக்கு எடுத்தால் அதன் அகலத்தை முதலில் அளந்து பாருங்கள். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் 45-க்கு மேல் அகலமுள்ள கருவி இலையைக் கிழித்துவிடும். 20 நாளுக்குள் ஒருமுறை ஓட்டலாம், அதன்பின் வேண்டாம். எதில் ஓட்டினாலும் செடிக்குச் செடி நடுவில் இருக்கும் களையைக் கையால்தான் எடுத்தாக வேண்டும், செடியோடு நேரடியாக மல்லுக்கு நிற்பது அதுதான்.

களையெடுத்த அன்னிக்கே தண்ணி விடலாமா?

வேண்டாம். வெட்டிய களை இரண்டு நாள் வெயிலில் வதங்கட்டும். கோடையில் செடி வாடினால் ஒருநாள் கழித்துத் தண்ணீர் விடுங்கள். மழை வருகிற மாதிரி இருக்கும் அன்றும் களை எடுக்காதீர்கள், எடுத்ததில் பாதி திரும்ப வேர்விடும்.

மண் அணைக்கறது களைக்காகவா, செடி சாயாம இருக்கவா?

இரண்டுக்கும்தான். 28, 30-ஆம் நாளில் யூரியாவைச் செடியிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, வரிசை நடுவிலிருந்து மண்ணை இழுத்துத் தண்டடியில் அணைத்தால் உரம் மூடப்படும், வரிசைக்குள் இருக்கும் சின்னக் களை மண்ணுக்கடியில் போய் அழுகும், தண்டின் கீழ்க்கணுவில் இறங்கும் தாங்குவேருக்குப் பிடிமானமும் கிடைக்கும். கடற்கரைக் காற்று அடிக்கும் மணல் நிலத்தில் இதை விட்டுவிட்டால் கதிர் பிடித்த செடி சாய்ந்துவிடும்.

களையை எடுக்காமல் உரம் மட்டும் வைப்பவர்கள் உண்டு. அந்த யூரியாவைச் சோளத்துக்கு முன் களை தின்னும்.

மல்சிங் ஷீட் போட்டா களையே வராதுன்னு சொன்னாங்க. ஆனா கோரை ஓட்டை போட்டு வருதே? வைக்கோல் போட்டா பரவாயில்லையா?

25 அல்லது 30 மைக்ரான் ஷீட்டு மற்ற எல்லாக் களையையும் தடுக்கும், கோரையைத் தடுக்காது. அதன் முளை ஊசி மாதிரி கூர்மை, ஷீட்டைத் துளைத்து வெளியே வரும். கோரை நிலம் என்றால் முதலில் மேலே சொன்ன கோடை உழவு, பிறகுதான் ஷீட்டு. சொட்டுநீர் இல்லாமல் ஷீட்டு போடாதீர்கள். மண் அணைக்கவும் முடியாது என்பதால் மேட்டுப்பாத்தி அமைத்து நட வேண்டும்.

பொன்னேரி பக்கம் வைக்கோல் கிடைக்கும் இடத்தில் வைக்கோல் மூடாக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் முதல் களை எடுத்தபின் போடுங்கள். முளைக்கும் முன் போட்டால் மெலிந்த ஸ்வீட் கார்ன் நாற்று அதைத் தள்ளிக்கொண்டு வராது. நாலு விரற்கடை கனம் வேண்டும், மெல்லிசாகத் தூவினால் களை இடுக்கில் வந்துவிடும். உதிரி நெல் இருக்கும் வைக்கோலை உதறிவிட்டுப் போடுங்கள்.

வரிசைக்கு நடுவுல கீரை போடலாமா? களையும் வராது, கீரைக்குக் காசும் வரும்ல?

போடலாம். சிறுகீரையும் அரைக்கீரையும் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சிறுகீரை போன்ற, 25 நாளுக்குள் வேரோடு பிடுங்கும் கீரைதான் இதற்குச் சரி. அரைக்கீரையைக் கிள்ளிக் கிள்ளி விட்டுவைத்தால் அதுவே களையாகிவிடும். கீரையைப் பிடுங்கியதும் மண் அணைக்கும் நாள் வந்துவிடும், கணக்கு ஒத்துப்போகும். தட்டைப்பயறு, உளுந்தும் ஆகும், செடியாக நிற்கும் ரகமாகப் பாருங்கள், கொடி ரகம் சோளத்தில் ஏறிவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: ஊடுபயிர் இருக்கும் நிலத்தில் அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடித்தால் கீரையும் பயறும் செத்துவிடும்.

அட்ரசின் எப்போ அடிக்கணும்? டேங்குக்கு எத்தனை கிராம்?

விதைத்த 3-ஆம் நாள், சோளமும் களையும் முளைக்கும் முன், ஈரமண்ணின் மேல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மக்காச்சோளத்துக்குச் சொல்வது 50 சதவீதத் தூள் ஹெக்டேருக்கு 500 கிராம், அதாவது ஏக்கருக்கு 200 கிராம். அடித்தாலும், விதைத்த 40, 45-ஆம் நாளில் ஒரு கைக்களை உண்டு. டப்பாவில் ஏக்கருக்கு 400 முதல் 800 கிராம் வரை போட்டிருக்கும். கரிசல், களிமண் நிலத்தில் மண் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அங்கே அளவு கூடும். மணல் நிலத்தில் இதை அடிக்கவே வேண்டாம், காரணம் கீழே இருக்கிறது.

டேங்குக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், நடை வேகம் வேறு, நாசில் வேறு. வெறும் தண்ணீரை ஊற்றி ஒரு சென்ட், அதாவது 435 சதுர அடி அடித்துப் பாருங்கள். இரண்டரை லிட்டர் செலவானால் ஏக்கருக்கு 250 லிட்டர். 200 கிராமை 250 லிட்டருக்குப் பிரித்தால் 16 லிட்டர் டேங்குக்கு ஏறக்குறைய 13 கிராம். தூளை முதலில் சின்ன வாளியில் கூழாகக் கரைத்து, வடிகட்டி, டேங்கில் ஊற்றுங்கள். அடிக்கும்போது அடிக்கடி குலுக்குங்கள், அடியில் படிந்தால் முதல் வரிசைக்குத் தண்ணீரும் கடைசி வரிசைக்கு விஷமும் போகும். விசிறி மாதிரி விரியும் தட்டை நாசில் வேண்டும். அடித்த இடத்தை மிதிக்காமல் பின்னோக்கி நடந்து அடியுங்கள். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம்.

அட்ரசின் அடிச்சும் களை வந்துடுச்சு. மருந்து போலியா?

இருக்கலாம், ஆனால் காரணம் பெரும்பாலும் வேறு. மண் காய்ந்திருந்தால் மருந்து மேலே தங்கி, முளைக்கும் விதையைச் சென்று சேராது. அடித்தபின் மண்ணைக் கிளறினால் மருந்துப் படலம் உடைந்துவிடும். கட்டி உடையாத நிலத்தில் கட்டிக்கு அடியில் மருந்து படாது. முன்பே முளைத்துவிட்ட புல்லை அது சரியாகப் பிடிக்காது. வந்திருப்பது கோரை என்றால் மருந்துமேல் குற்றமே இல்லை, அட்ரசினுக்கும் கோரைக்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று, அட்ரசின் பட்ட களை முளைக்கவே செய்யாது என்று எதிர்பார்க்காதீர்கள். முளைத்து, இலையோரம் மஞ்சளாகிக் கருகித்தான் சாகும். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, இந்தப் பக்கம் அட்ரசின் அடிக்கலாமா கூடாதா?

மணல் நிலத்தில், கிணற்றுக்கோ ஏரிக்கோ பக்கத்தில், கீரை போடும் நிலத்தில் அடிக்காதீர்கள். இதை அழுத்தமாகவே சொல்கிறோம். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து நிலத்தடி நீர் சென்னைக்குக் குடிநீராகப் போன நீர். அங்கே அதிகம் இறைத்ததால் 1960-களின் கடைசியிலிருந்தே கடல்நீர் உள்ளே ஏறிவருகிறது. புழல், சோழவரம் ஏரிகளும் குடிநீர் ஏரிகள். அட்ரசின் மண்ணில் சீக்கிரம் அழியாது, மணலில் தண்ணீரோடு கீழே இறங்கும். நிலத்தடி நீரில் கலக்கிறது என்ற காரணத்துக்காகவே 2004-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு அனுமதி மறுத்தது. இரண்டு களை எடுத்தால் தீரும் வேலைக்கு அந்தத் தண்ணீரைப் பணயம் வைப்பது சரியில்லை.

களிமண் கழனியில், பெரிய பரப்பில், ஆள் கிடைக்காமல் அடிக்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன அளவோடு ஒரே ஒரு முறை. அடுத்து சோளமோ கம்போ போடுங்கள். கீரை, தக்காளி, வெள்ளரி போட ஆசை என்றால் முதலில் அந்த மண்ணை ஒரு தொட்டியில் எடுத்துக் கீரை விதை தூவி மூன்று வாரம் பாருங்கள். முளைத்து இலையோரம் மஞ்சளாகிச் செத்தால் மண்ணில் மருந்து இன்னும் இருக்கிறது.

பென்டிமெத்தலின் அடிக்கச் சொல்றாங்களே? பழைய புத்தகத்துல அலாக்ளோர்னும் போட்டிருக்கு.

அலாக்ளோர் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை. கடையில் யாராவது பழைய இருப்பைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பென்டிமெத்தலின் சோள வேரில் நேராகப் பட்டால் வேர் நுனி தடித்துக் குட்டையாகிவிடும். விதை 4 சென்டிமீட்டர் ஆழத்தில் மூடியிருந்தால்தான் ஆபத்தில்லை. மெலிந்த ஸ்வீட் கார்ன் விதையை நாம் 2, 3 சென்டிமீட்டரில்தான் வைக்கிறோம். இந்த ஆழத்துக்கு அந்த மருந்து ஒத்துவராது.

25 நாள் ஆயிடுச்சு, களை முழங்கால் உயரம் நிக்குது. இப்போ இன்னா மருந்து அடிக்கலாம்?

முழங்கால் உயரக் களைக்கு மருந்து இல்லை. முளைத்தபின் அடிக்கும் டெம்போட்ரயோன் ஏக்கருக்கு 115 மில்லி, டோப்ரமெசோன் 30 மில்லி என்பவையெல்லாம் களை 2 முதல் 4 இலையில் இருக்கும்போது, அதாவது விதைத்த 15, 20-ஆம் நாளில் அடிக்க வேண்டியவை. கூட வரும் ஒட்டும் திரவத்தையும் சேர்க்க வேண்டும். இப்போது அடித்தால் களை வெளுத்துவிட்டு மீண்டும் தழைக்கும்.

மொத்த நிலத்தையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதலில் செடியைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் இருக்கும் களையைக் கையால் எடுத்துவிட்டு, அன்றே அடுத்த வரிசைக்குப் போங்கள். எல்லா வரிசையும் முடிந்தபின் நடுவில் இருப்பதை வெட்டுங்கள். அங்கே ஆழமாகக் கொத்த வேண்டாம், தரையோடு அரிந்து அப்படியே மூடாக்காகப் போடுங்கள், விதை கட்டியிருந்தால் மட்டும் வெளியேற்றுங்கள். கையோடு யூரியா வைத்து மண் அணைத்தால் பயிரில் பெரும்பகுதி தேறிவிடும்.

டெம்போட்ரயோன் அடிச்சதும் சோள இலையே வெளுத்துப் போச்சு. செடி போயிடுமா?

இந்த வகை மருந்து இலையின் பச்சையத்தைக் காக்கும் நிறமியைத் தடுக்கிறது. களை வெளுப்பது அதனால்தான். சோளம் அதைத் தனக்குள் உடைத்துவிடும், ஆனால் அந்த உடைக்கும் திறன் எல்லா ஸ்வீட் கார்ன் ரகத்துக்கும் சமமாக இல்லை. லேசாக வெளுத்து, 7 முதல் 10 நாளில் புது இலை பச்சையாக வந்தால் கவலை இல்லை. புது இலையும் வெள்ளையாக வந்தால் அந்த ரகத்துக்கு அந்த மருந்து ஆகாது. உரமும் தண்ணீரும் கொடுத்துப் பார்க்கலாம், மாற்று மருந்து கிடையாது.

புது ரகம் என்றால் ஓரத்தில் பத்துச் செடிக்கு மட்டும் அடித்து ஒரு வாரம் பார்த்துவிட்டு மீதிக்கு அடியுங்கள். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து அடித்த ஒரு வாரத்துக்குள் இதை அடிக்க வேண்டாம், செடியின் உடைக்கும் திறன் அப்போது தடைப்படும்.

2,4-டி சீப்பா கிடைக்குது. அகன்ற இலைக் களைக்கு அதுவே போதாதா?

களை சாகும். ஆனால் வளரும் சோளத் தண்டு சில நாள் கண்ணாடி மாதிரி நொறுங்கும், காற்றடித்தால் கணுவில் ஒடியும். அதோடு ஆவியும் சாரலும் பக்கத்துக் கத்தரி, தக்காளி, வெண்டையில் பட்டால் இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். துண்டு துண்டாகக் காய்கறி இருக்கும் நம் பகுதியில் இது வேண்டவே வேண்டாம்.

கிளைபோசேட் வரிசைக்கு நடுவுல பார்த்துப் பார்த்து அடிச்சா?

சோளத்தில் ஒரு துளி பட்டாலும் அந்தச் செடி போய்விடும். வெளிநாட்டு வீடியோவில் சோள வயல் முழுக்க அடிப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அது கிளைபோசேட்டைத் தாங்கும் மரபணு மாற்றுச் சோளம், இந்தியாவில் அதற்கு அனுமதி இல்லை. தவிர, கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது.

கல்லுப்பும் வினிகரும் சோப்புத் தண்ணியும் கலந்து அடிச்சா இயற்கை மருந்துதானே?

உப்பு இயற்கைதான், ஆனால் மண்ணை விட்டுப் போகாது. சோளம் உப்பை அதிகம் தாங்காது. ஏற்கெனவே கிணற்றுநீர் உவர்க்கும் மீஞ்சூர் பக்கத்தில் இதைச் செய்தால் பயிர்தான் முதலில் வாடும். உப்பைத் தாங்கும் அருகு அங்கே இன்னும் செழிக்கும். வினிகர் இலையை மட்டும் கருக்கும், வேர் மறுபடி தழைக்கும். வீட்டு வாசல் சிமெண்டு இடுக்கில் வேண்டுமானால் வினிகர் ஊற்றுங்கள், கொல்லையில் வேண்டாம்.

புடுங்குன களைய மாட்டுக்குப் போடலாமா? பருப்புக்கீரைய நாம சமைக்கலாமா?

மருந்து அடிக்காத நிலத்து அருகும் புல்லும் மாட்டுக்கு நல்ல தீவனம். சாரணையை மட்டும் அதிகம் போடாதீர்கள், பார்த்தீனியத்தைப் போடவே போடாதீர்கள். மருந்து அடித்த நிலத்துக் களையைத் தீவனமாக்க வேண்டாம்.

பருப்புக்கீரை அருமையான கீரை. சாரணையோடு குழப்பிக்கொள்ளாமல் பறியுங்கள். சாரணையில் ஒரு கணுவில் எதிரெதிராக இரண்டு இலை, அதில் ஒன்று பெரிசு, ஒன்று சின்னது, பூ இளஞ்சிவப்பு. பருப்புக்கீரைப் பூ மஞ்சள், இலை தடித்து வழுவழுப்பாக இருக்கும். சாக்கடை ஓரம், சாலையோரம், தொழிற்சாலைக் கழிவுநீர் ஓடும் இடத்தில் வளர்ந்ததைப் பறிக்காதீர்கள்.

மாடியில பையில போட்டிருக்கேன். அதுலயும் புல் வருது.

செம்மண்ணோடு வந்த விதை. கலவையைப் பையில் நிரப்பித் தண்ணீர் விட்டு பத்து நாள் வைத்து, முளைத்ததைக் கிள்ளிவிட்டு விதையுங்கள். மேலே சொன்ன காத்திருப்பு முறையேதான். பிறகு காய்ந்த இலைச்சருகோ தேங்காய் நாரோ இரண்டு விரற்கடை மூடுங்கள். பையில் கோரை வந்தால் கலவையைக் கொட்டிச் சலித்துக் கிழங்கைப் பொறுக்குவது ஒன்றே வழி. பைகளை ஒரே வரிசையாக வைக்காமல் நாலுக்கு நாலாகச் சதுரமாக வையுங்கள், அப்போதுதான் மகரந்தம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மணி பிடிக்கும்.

கதிர் வந்தாச்சு. கீழே கொஞ்சம் களை இருக்கு. இப்பவும் எடுக்கணுமா?

இந்தப் பயிருக்காக எடுக்க வேண்டியதில்லை. உள்ளே போய்க் கொத்தினால் வேர்தான் அறுபடும். பூ எடுத்த களையை மட்டும் விதை முற்றும் முன் அரிவாளால் தரையோடு அறுத்து வெளியே போடுங்கள். பார்த்தீனியம் நின்றால் கையுறை போட்டு உடனே எடுங்கள். அதன் மகரந்தம் சோளக் கதிரின் பட்டு நூலில் படிந்தால் மணி பிடிப்பது குறையும். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நிற்பதையும் அறுத்துவிடுங்கள், தண்ணீரோடு வரும் விதை அங்கிருந்துதான் வருகிறது.

பட்டு நூல் வெளிவந்து 18 முதல் 22 நாளில் கதிரை ஒடிப்பீர்கள். ஒடித்த அதே வாரம் தட்டையை மாட்டுக்கு வெட்டிவிட்டு நிலத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். நிழல் போனதும் தலைதூக்கும் கோரைத் திட்டுகள் எங்கே என்று அப்போது தெளிவாகத் தெரியும். அந்த இடங்களில் குச்சி நட்டு வையுங்கள், சித்திரையில் உழவு அங்கிருந்து தொடங்கட்டும்.